அவளுக்கு நான் கொடுத்த மதம்

எங்கள் பள்ளியில் மதம் கொடுப்பவள் நான்தான். கணக்கு டீச்சர், கூடவே சாரணியர் பொறுப்பு. ஒவ்வொரு வருஷமும் ஆடி பிறப்பதற்குள் யார் இந்து, யார் கிறிஸ்தவர், யார் முஸ்லிம் என்று முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுவேன். பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, "டீச்சர், நான் போன வருஷமும் கிறிஸ்டியன்தான், இந்த வருஷமாச்சும் மாத்தி விடுங்க டீச்சர்" என்று கெஞ்சுவார்கள். சில பேருக்கு மாற்றிக் கொடுத்ததும் உண்டு.

விஷயம் இதுதான். சாரணியர் முகாம் எதுவானாலும் காலையில் சர்வ சமயப் பிரார்த்தனையோடுதான் தொடங்கும். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் மதத்துக்கு ஒரு பெண் முன்னால் வந்து, அந்த மதத்தின் பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். முடிவில் எல்லோரும் கண்களை மூடி ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தேர்வு முகாம் என்றால் அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. எங்கள் பள்ளி, அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பருத்திக் காட்டுக்குப் போகிறவர்கள், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பெண்கள் இருபத்தெட்டுப் பேர் என் அணியில். அத்தனை பேருக்கும் மதம் ஒன்றுதான், சாமிதான் வேறு வேறு. முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் நான் எங்கே போவேன்?

அதனால் நானே பிரித்துக் கொடுத்துவிடுவேன். குரல் கணீரென்று இருப்பவள் இந்து, சாமி பாட்டை இழுத்துப் பாட வேண்டும். உயரமாக, ரிப்பன் கலையாமல் இருப்பவள் கிறிஸ்தவர். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கு முன்னால் இருந்த டீச்சர் அப்படித்தான் வைத்திருந்தார். மனப்பாடம் நன்றாக வருகிறவள் முஸ்லிம். அரபு என்றால் சும்மாவா? போனில் நாலைந்து முறை கேட்டுக் கேட்டு, அந்த ஓசைகளையெல்லாம் நம் எழுத்துக்குள் அடைத்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டுத்தான் வருஷா வருஷம் கை மாறும். இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. ஆண்டு விழா நாடகத்தில் ஒருத்திக்கு ராணி வேஷம் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி என்று நினைத்திருந்தேன்.

இந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளியில் சேர்ந்தபோது நான்தான் இளையவள், இருப்பதிலேயே இளிச்சவாய். தலையில் கட்டினார்கள். ஒரு வாரப் பயிற்சிக்குப் போய், முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும் கற்றுக்கொண்டு, மூன்று விரலை உயர்த்திக் கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமையைச் செய்வேன் என்று உறுதிமொழி எடுத்தேன். அன்றைக்கு அதை மனதாரத்தான் சொன்னேன். அப்போது எனக்குச் சாமி உண்டு. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து விளக்கேற்றாமல் ஒரு வாய் காபி குடிக்க மாட்டேன். புரட்டாசி சனிக்கிழமைகளில் கல்லங்குறிச்சிக்குப் போய்ப் பெருமாளைப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை.

பிறகு என் கணவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இடது கையும் காலும். அதற்கு ஆறு வருஷம் ஆகிறது. அதனால் சாமி மேல் கோபம் வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் தீப்பெட்டி தீர்ந்திருந்தது, விளக்கேற்றவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வாங்க மறந்தேன். மூன்றாவது வாரம் தீப்பெட்டி இருந்தது, விளக்குத் துலக்கவில்லை. அப்படியே நின்றுபோயிற்று. விட்டுவிட்டேன் என்று நான் ஒருநாளும் முடிவெடுக்கவில்லை.

ஆனால் பள்ளியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும் சாரணியர் வகுப்பில் பிரார்த்தனையை நடத்துகிறவள் நான். வேப்பமரத்தடியில் இருபத்தெட்டுப் பெண்களுக்கு முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடி நிற்பேன். உள்ளே ஐந்து பத்துக்கு வரும் பஸ் ஓடிக்கொண்டிருக்கும். தயிர் இருக்கிறதா, அவருக்கு மாத்திரை கொடுத்திருப்பார்களா, பத்தாம் வகுப்பு விடைத்தாள் இன்னும் எத்தனை கட்டு. சில நாள் ஒன்றிலிருந்து அறுபது வரை எண்ணுவேன். அறுபதில் கண்ணைத் திறந்தால் கச்சிதமாக ஒரு நிமிடம் ஆகியிருக்கும். டீச்சர் எவ்வளவு மனம் ஒன்றி நிற்கிறார் என்று தலைமையாசிரியை ஒருமுறை மற்றவர்களிடம் சொன்னதாகக் கேள்வி.

அந்தப் பெண் எட்டாம் வகுப்பில் என் அணிக்கு வந்தாள். அப்பா கல் லாரியில் டிரைவர், அம்மா பருத்தி எடுக்கப் போகிறவர். ஒல்லியான பெண், எதையும் ஒருமுறை கேட்டால் போதும். அவளுக்கு முஸ்லிம் என்று எழுதி ஒட்டினேன். நான்கே நாளில் முழுவதையும் ஒப்பித்துவிட்டாள். நோட்டில் நான் ஒரு வரியை இரண்டு முறை எழுதியிருந்ததைக்கூடக் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"இதுக்கு என்ன டீச்சர் அர்த்தம்?" என்று கேட்டாள்.

"சாமிய கும்பிடுறதுதான். எல்லாம் ஒண்ணுதான்."

"எல்லாம் ஒண்ணுன்னா அப்பறம் எதுக்கு டீச்சர் மூணு பேரு தனித்தனியா சொல்றோம்?"

"வெயில் ஏறுது, போயி வரிசைல நில்லு" என்றேன். பதில் தெரியாத கேள்விக்கு ஆசிரியர்களிடம் எப்போதும் இருக்கும் பதில் அது.

அன்றிலிருந்து மூன்று வருஷம் அவள்தான் எங்கள் முஸ்லிம். ஸ்கார்ஃபைக் கழற்றித் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, கையேந்தி நின்று சொல்ல ஆரம்பித்தாள் என்றால் மைதானமே அமைதியாகிவிடும். மற்ற பெண்கள் அவளை "பாய் வூட்டுப் பொண்ணு" என்று கேலி செய்வார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு முகாமில் எங்களுக்கு முதல் பரிசு கிடைத்ததும் அவளால்தான். அதற்குப் பிறகு அவளை மாற்றுவேனா? நானும் கொஞ்சம் கெட்டிக்காரிதான்.

பத்தாம் வகுப்பில் அவள் மாநில விருதுக்கான தேர்வு முகாமுக்குப் போகத் தகுதி பெற்றாள். அவள் அம்மா வேலைக் களைப்போடு, தலையில் கட்டிய துண்டை அவிழ்க்காமல் ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். "இந்த சர்டிபிகேட் இருந்தா நர்சிங் காலேஜுல சீட்டு குடுத்துருவாங்களாம்ல டீச்சர்? பக்கத்து வூட்டுல சொன்னாங்க" என்றார். அப்படியொரு விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "இருந்தா நல்லதுதாம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் மகளுக்குப் புது ஷூ வாங்கிக் கொடுத்தார். அந்தக் குடும்பம் அந்தச் சான்றிதழை எவ்வளவு நம்பியிருந்தது என்று எனக்குத் தெரியும், மறந்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது.

முகாம் பெரம்பலூரில், நான்கு நாள். ஊருக்கு வெளியே ஒரு பள்ளி வளாகம். வகுப்பறைகளில் படுக்கை, மைதானத்தில் தேர்வு. நான் எட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு போனேன். கணவரைப் பார்த்துக்கொள்ள நாத்தனாரை வரவழைத்திருந்தேன். அவர் வந்ததற்கு நன்றி சொல்லி ஒரு போன், வந்ததை அவர் சொல்லிக் காட்டுவதைக் கேட்க ஒரு போன், இப்படி ஒரு நாளைக்கு ஆறேழு போன். முதல் நாளிலேயே எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

எங்களுக்குப் பக்கத்து அறையில் வேறொரு பள்ளி. அதில் பாதிப் பேர் முஸ்லிம் பிள்ளைகள். முதல் நாள் சாயங்காலம், டீயும் சுண்டலும் முடிந்து, நான் வராந்தாவில் உட்கார்ந்து பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் அணியின் அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அணிப் பெண் ஒருத்தி, அவள் வயதுதான் இருக்கும், தட்டைக் கழுவிக்கொண்டு போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நல்லா ஓதுறே. ஆனா இந்த எடத்துல சத்தம் தொண்டையிலேருந்து வரணும்" என்று சொல்லிக் காட்டினாள். பிறகு, "நீங்க எந்த ஊரு? ஒங்க அத்தா என்ன பண்றாங்க?" என்றாள்.

"நான் முஸ்லிம் இல்ல. எங்க டீச்சர் குடுத்தாங்க."

"என்னத்தக் குடுத்தாங்க?"

"முஸ்லிம். போன வருஷமும் எனக்குத்தான் குடுத்தாங்க."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அல்லாவே! மார்க்கத்த டீச்சரா குடுப்பாங்க?" என்றாள். எங்கள் பெண்ணும் சிரித்தாள். பட்டியலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். பிறகு அவர்கள் இரண்டு பேரும் நெருங்கி உட்கார்ந்து, அந்தப் பெண் ஒவ்வொரு வரியாக அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. மூன்று வருஷமாக நான் சொல்லாததை யாரோ ஒரு பிள்ளை தட்டும் கையுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு நாத்தனாரிடமிருந்து போன் வந்தது, எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் முழுக்க முடிச்சு, முதலுதவி, வரைபடம் பார்ப்பது என்று தேர்வுகள். எங்கள் பெண் எல்லாவற்றிலும் முந்தியிருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் தண்ணீர்க் குழாயடிக்கு என்னைத் தேடி வந்தாள்.

"டீச்சர், நாளைக்குக் காலைல பிரார்த்தனைல நான் அத சொல்லல டீச்சர்."

"ஏன், தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்ல டீச்சர். அதுல ஒரு வரி வருது. ஒன்னைத் தவிர வேற யாரையும் கும்பிட மாட்டேன்னு சொல்ற மாதிரியாம். நான் மூணு வருஷமா அத சொல்லிட்டு, வூட்டுக்குப் போயி எங்க சாமிய கும்புட்டுக்கிட்டு இருக்கேன். ஆடியில பொங்க வெச்சோம், நான்தான் டீச்சர் பானைக்குப் பொட்டு வெச்சேன். அங்கயும் பொய், இங்கயும் பொய்யா ஆயிருச்சு."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது எனக்கு வந்தது எரிச்சல். ஆயிரம் வேலைக்கு நடுவில் இது ஒன்று. நாளைக்குத்தான் பிரார்த்தனைக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மாற்று ஏற்பாடு எதுவும் என்னிடம் இல்லை. மற்ற ஏழு பேருக்கும் அந்த அரபு வராது.

"நடிக்கிறதா நெனச்சுக்கோ. ஒரு அஞ்சு நிமிஷம்" என்றேன்.

"சாமி கும்புடுறத நடிக்கலாமா டீச்சர்?"

"ஒன்ன யாரு நம்பச் சொன்னா? சொல்லத்தான சொல்றோம்."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். வாதாடுகிற பார்வை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்: "நீங்க வெள்ளிக்கெழம கண்ண மூடிக்கிட்டு நிக்கிறீங்களே டீச்சர், அப்ப நெசமாத்தான கும்புடுறீங்க?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "ஆமா" என்றேன்.

"அதான் டீச்சர்" என்றாள். "எனக்கும் அப்படிக் கும்புடணும்னு இருக்கு."

"போயி சாப்புடு, காலைல பாத்துக்கலாம்" என்று அனுப்பினேன். காலையில் அவள் மனம் மாறியிருப்பாள் என்று நம்பினேன். எனக்கு வீட்டில், பள்ளியில், எல்லா இடத்திலும் பழக்கம் அதுதான். பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டு, பார்க்காமல் இருப்பது.

மூன்றாம் நாள் காலை. மைதானத்தில் எல்லா அணிகளும் குதிரை லாட வடிவத்தில் நின்றோம். முன்னால் நாற்காலியில் தேர்வாளர் மேடம், மடியில் அட்டை, கையில் பேனா. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே, அந்தப் பூசாரி அன்றைக்கு அவர்தான். எங்கள் முறை வந்தது. முதல் பெண் சாமி பாட்டைப் பாடினாள். இரண்டாவது பெண் கிறிஸ்தவ ஜெபத்தைச் சொன்னாள். மூன்றாவதாக அவள் முன்னால் போனாள். ஸ்கார்ஃப் கழுத்திலேயே இருந்தது. தலையில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று விரலால் வணக்கம் வைத்தாள். மேடையில் பேசுகிற தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "இந்தப் பிரார்த்தனை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். முந்தாநாள்தான் அர்த்தம் தெரிந்தது. இது நம்புகிறவர்கள் சொல்ல வேண்டியது. அதனால் நான் சொல்லவில்லை." மறுபடி வணக்கம் வைத்துவிட்டு வரிசைக்குத் திரும்பிவிட்டாள்.

பக்கத்து அணியில் அர்த்தம் சொன்ன அந்தப் பெண் கழுத்தை நீட்டி இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு சார் போனை உயர்த்திப் பிடித்திருந்தார், வீடியோ எடுத்தாரா என்று தெரியவில்லை. இந்தக் காலத்தில் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை அப்படி இப்படி வெளியே போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேர்வாளர் மேடம் பேனாவை மூடினார். கோபக்காரர் இல்லை, முறைப்படி நடக்கிறவர். "டீச்சர், இது நீங்க சொல்லித்தான் பண்ணுச்சா? நீங்க அனுமதி குடுத்திருந்தா அது வேற. இல்லேன்னா இது ஒழுங்கீனத்துல வரும், நான் எழுதித்தான் ஆகணும்" என்றார்.

அவள் வரிசையில் நின்றபடியே என் பக்கம் திரும்பினாள்.

எனக்கு ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை. நேற்றே என்னிடம் சொன்னாள், நான்தான் சரி என்றேன், என்று ஒரு வார்த்தை. என் அணிக்கு நாலு மதிப்பெண் குறையும். எனக்கு ஒரு மெமோ வரலாம். வந்தால் விளக்கம் எழுத வேண்டும், இரண்டு முறை ஆபீசுக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சலை நினைத்தேன். நாத்தனாரை இன்னொரு நாள் கூப்பிட வேண்டியிருக்குமே என்று நினைத்தேன். போன் பிடித்திருக்கும் அந்தச் சாரை நினைத்தேன். இவ்வளவையும் ஒரு நொடியில் நினைத்தேன், அவளை மட்டும் நினைக்கவில்லை.

"இல்லைங்க மேடம், நான் அனுமதி குடுக்கல" என்றேன்.

அந்த நான்கு நாளில் நான் சொன்ன ஒரே உண்மை அது. மேடம் எழுதிக்கொண்டார். அடுத்த பள்ளியைக் கூப்பிட்டார்கள். முடிவில் எல்லோரும் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றோம். நான் எண்ணத் தொடங்கி முப்பதுக்கு மேல் மறந்துபோய் நின்றேன்.

திரும்பி வரும்போது பெரம்பலூரில் அரியலூர் பஸ்ஸைப் பிடித்தோம். கூட்டம். அவள் ஓடிப்போய் ஜன்னலோர சீட்டில் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். "ஒங்களுக்கு இடுப்பு வலிக்குதுல்ல டீச்சர்" என்றாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், என்னிடம் பேசாமல் இருப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி இருந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அவள் வழக்கம்போலவே இருந்தாள். வழியெல்லாம் மக்காச்சோளக் காடு, நான் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து வாட்ஸப்பில் பட்டியல் வந்தது. எங்கள் பள்ளியில் ஏழு பேருக்கு விருது. அவள் பெயர் இல்லை. தலைமையாசிரியை, "நல்லா பண்ற பொண்ணாச்சே, என்ன ஆச்சு டீச்சர்?" என்று கேட்டார். "பிரார்த்தனைல மார்க் கொறஞ்சுருச்சுங்க" என்றேன். "போகட்டும், ஏழு பேரு வாங்கியிருக்காங்களே" என்று சொல்லி, ஏழு பேருக்கும் காலை வழிபாட்டில் கைதட்டச் சொன்னார். அவளும் கைதட்டினாள், நான் பார்த்தேன்.

இரண்டு நாள் பொறுத்து அவள் அம்மா வந்தார். மதிய இடைவேளை. ஆசிரியர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மகளும் பின்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், அந்தப் பாட்ட இவ பாதியில மறந்துட்டாளாம்ல? அதனாலதான் குடுக்கலையாம்ல?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல டீச்சர். மூணு வருஷமா வூட்டுல ஏனம் வெளக்குனாலும் அதான், சாணி அள்ளுனாலும் அதான். கேட்டுக் கேட்டு எனக்கே பாதி வரும். எப்புடி டீச்சர் மறக்கும்? நான் ரெண்டு வெச்சுட்டேன். அப்பயும் மறந்துருச்சு மறந்துருச்சுங்கறா."

அடி வாங்கியிருக்கிறாள். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ களைப்பு வந்திருக்கிறது. அன்றைக்கு வந்தது வேறு, என்னைக் கண்டே எனக்கு வந்த களைப்பு.

"அவ மறக்கலம்மா" என்றேன். "தப்பு என்மேல. எனக்கு முன்னாலயே தெரியும். அங்க நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவளுக்குக் கெடச்சிருக்கும். நான்தான் சொல்லல."

அந்த அம்மாவின் முகம் இளகிவிட்டது. நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை. "நீங்க பெரிய மனசு டீச்சர், ஒங்க தலைமேல போட்டுக்குறீங்க. வூட்டுல அய்யாவ அப்புடி வெச்சுக்கிட்டு, எங்க புள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு அலையுறீங்க. ஒங்கள நாங்க குத்தம் சொல்ல முடியுமா?" என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். நான் மறுபடி சொல்ல வாயெடுத்தேன். "வேணாம் டீச்சர், விடுங்க. அவ தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு, காட்டில் வேலை பாதியில் நிற்கிறது என்று கிளம்பிவிட்டார்.

மகள் மட்டும் நின்றாள். மணியடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

"அவ்வளவு பேருக்கு முன்னாடி, பொய் சொல்லக் கூடாதுன்னு நின்னியே" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. "அம்மாகிட்ட மட்டும் ஏன் மறந்துட்டேன்னு சொன்னே? அடி வேற வாங்கியிருக்கே."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல லேசாகச் சிரித்தாள்.

"அது சாமிகிட்ட டீச்சர். இது அப்படி இல்லல்ல" என்றாள். "நடந்தத சொன்னா ஒங்களப் பத்தியும் சொல்லணும். நீங்க எங்கம்மாவ பஸ்ஸுல பாப்பீங்க, ரேஷன் கடைல பாப்பீங்க. ஒங்களால நிமுந்து பாக்க முடியணும்ல."